வேரைப் பார்த்து அனிமோனி வாங்குங்கள்: 'ஹொனொரீன் ஜோபேர்' செடியை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

அனிமோனி என்ற பூச்செடியை வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் பூவின் படத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். நர்சரிக்காரர்களும் அட்டையில் பூவைத்தான் பெரிதாக அச்சடிக்கிறார்கள். வெள்ளையா, இளஞ்சிவப்பா, நீலமா என்று பார்த்து ஒன்றை எடுத்து வந்து, காலியாக இருந்த இடத்தில் நட்டுவிடுகிறார்கள். அடுத்த வருடம் அது ஏன் தலைகாட்டவில்லை என்ற கேள்வி வருகிறது. இல்லையென்றால் சில வருடம் கழித்து, அது ஏன் பக்கத்துச் செடிகளை எல்லாம் அமுக்கிக்கொண்டு வளர்கிறது என்ற கேள்வி வருகிறது. இரண்டுக்கும் விடை மண்ணுக்கு அடியில் இருக்கிறது. அனிமோனிகளின் பூக்கள் எல்லாம் ஒரே குடும்பச் சாயலில் இருக்கும். வேரோ மூன்று விதம். எந்த வேரை வாங்குகிறோம் என்று தெரிந்துவிட்டால் இடம், பருவம், நடும் ஆழம், தண்ணீர், பின்னால் வரக்கூடிய தொல்லை எல்லாவற்றையும் அதிலிருந்தே கணித்துவிடலாம்.

இதைப் பொதுவாகச் சொல்லிக்கொண்டு போவதைவிட ஒரு செடியை எடுத்து அடியிலிருந்து நுனிவரை பார்ப்பது நல்லது. நான் எடுத்துக்கொள்வது 'ஹொனொரீன் ஜோபேர்' என்ற வெள்ளை ரகம். ஜப்பானிய அனிமோனி என்று தோட்டக்காரர்கள் சொல்லும் கூட்டத்தைச் சேர்ந்தது. 1858-இல் பிரான்சின் வெர்தன் நகரில் ஒரு தோட்டத்தில் தோன்றியது. இன்றைக்கும் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் நர்சரிகளில் சாதாரணமாகக் கிடைக்கிறது. பிரிட்டனின் ராயல் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி இதற்குத் தன் தோட்டச் சிறப்பு விருதைக் கொடுத்திருக்கிறது. அமெரிக்காவின் பெரெனியல் பிளான்ட் அசோசியேஷன் 2016-ஆம் ஆண்டின் செடியாக இதைத் தேர்ந்தெடுத்தது. தோட்ட ரகங்கள் வருடத்துக்கு வருடம் வந்து மறைகிற உலகத்தில் 150 வருடங்களைத் தாண்டி ஒரு ரகம் முன்வரிசையில் நிற்பது சாதாரண விஷயம் இல்லை. இதே செடியைத் திட்டுகிறவர்களும் நிறைய இருக்கிறார்கள். அந்தப் பாராட்டும் திட்டும் ஒரே காரணத்தால் வருகின்றன என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

ஷாங்காய் மதிலிலிருந்து வெர்தன் வரை

ஜப்பானிய அனிமோனி என்று பெயர் இருந்தாலும் இதன் பூர்வீகம் சீனா. அங்கிருந்து பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஜப்பானுக்குப் போய்த் தோட்டங்களிலும் கோயில் வளாகங்களிலும் வேரூன்றி, பிறகு காட்டுச் செடியாகவே பரவிவிட்டது. ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் கார்ல் பீட்டர் துன்பெர்க் அதை ஜப்பானில் பார்த்து 1784-இல் விவரித்து எழுதியதால் ஜப்பானின் பெயர் ஒட்டிக்கொண்டது.

ஐரோப்பாவுக்கு உயிரோடு செடி வந்து சேர்ந்தது அதற்கு 60 வருடங்களுக்குப் பிறகு. முதல் அபினிப் போர் முடிந்து 1842-இல் நான்கிங் உடன்படிக்கை கையெழுத்தானதும் ஷாங்காய் உட்பட ஐந்து சீனத் துறைமுகங்கள் ஆங்கிலேயருக்குத் திறந்துவிடப்பட்டன. லண்டன் ஹார்ட்டிகல்ச்சுரல் சொசைட்டி உடனே ராபர்ட் ஃபார்ச்சூன் என்ற ஸ்காட்லாந்துத் தோட்டக்காரரைச் செடி சேகரிக்க அனுப்பியது. அவர் இந்த அனிமோனியைப் பார்த்தது ஷாங்காய் நகர மதிலை ஒட்டிய கல்லறைகளுக்கு நடுவே. நவம்பர் மாதம், மற்ற பூக்கள் எல்லாம் ஓய்ந்துபோன நேரத்தில் இது மட்டும் பூத்து நின்றிருக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் செடியை வைத்துக் கப்பலில் அனுப்பும் முறை அப்போது பழக்கத்துக்கு வந்திருந்தது. அப்படி 1844-இல் அது இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அந்தச் செடி எங்கே நின்றது என்பதில்தான் அதன் குணம் முழுவதும் இருக்கிறது. கல்லும் மண்ணும் கலந்த மதில் ஓரம். யாரும் தண்ணீர் விடாத, உரம் போடாத, கொத்திவிடாத இடம். ஆடு மாடு மேய்ந்தாலும் மனிதர் மிதித்தாலும் மேலே இருக்கும் தண்டுக்குத்தான் சேதம். கல் இடுக்கில் ஓடியிருக்கும் வேருக்கு ஒன்றும் ஆகாது. தொந்தரவு இல்லாமல் விட்டால் பெருகும். கிளறினால் முதலில் சுணங்கும், பிறகு அறுந்த இடத்திலெல்லாம் முளைக்கும். 180 வருடம் கழித்து ஒரு வீட்டுத் தோட்டத்தில் அது செய்வதும் இதையேதான்.

ஃபார்ச்சூன் கொண்டுவந்தது குட்டையான செடி. பூ அடர் இளஞ்சிவப்பு, குறுகலான இதழ்கள் நிறைய இருக்கும். லண்டனுக்கு மேற்கே சிஸ்விக்கில் இருந்த சொசைட்டியின் தோட்டத்தில் ஜார்ஜ் கார்டன் என்பவர் 1848-இல் அதை இன்னொரு அனிமோனியோடு கலப்பு செய்தார். அந்த இன்னொரு செடி இமயமலைக்காரி: திராட்சை இலை போன்ற இலையும் வெள்ளைப் பூவும் கொண்டது. இந்தியாவின் கவர்னர் ஜெனரலாக இருந்த ஆம்ஹர்ஸ்ட் பிரபுவின் மனைவி சாராவின் வழியாக 1829-இல் இங்கிலாந்து வந்தது. செடிகளை உண்மையிலேயே நேசித்த பெண்மணி அவர். பர்மாவின் புகழ்பெற்ற ஆம்ஹர்ஸ்டியா மரத்துக்கு அவர் பெயரும் அவர் மகளின் பெயரும் சேர்ந்தே வைக்கப்பட்டது. இமயமலைச் செடிக்கு உயரமும் அகன்ற இதழும் இருந்தன, ஆனால் ஆங்கிலக் குளிரில் அவ்வளவு உறுதி போதாது. சீனச் செடிக்குக் குளிர் ஒரு பொருட்டில்லை. இரண்டும் கலந்து பிறந்தது உயரமான, அகன்ற இதழ் கொண்ட, இளம் ரோஜா நிறப் பூப் பூக்கிற, குளிருக்கு அசையாத ஒரு செடி.

கலப்பினத்தில் வழக்கமாக நடப்பது இங்கேயும் நடந்தது. நல்ல விதை கிடைப்பது அரிது. அதனால் இந்தச் செடி ஊர் ஊராகப் போனதெல்லாம் வேர்த்துண்டாகத்தான்.

அப்படிப் போன ஒரு செடி வெர்தன் நகரில் ஜோபேர் என்பவரின் தோட்டத்தில் இருந்தது. 1858-இல் அந்த இளஞ்சிவப்புச் செடியில் ஒரு கிளைப்பு மட்டும் சுத்த வெள்ளையாகப் பூத்தது. அதைப் பிரித்து வளர்த்து, அந்தக் குடும்பத்துப் பெண் ஒருவரின் பெயரை வைத்தார்கள். இப்படித் திடீரென்று ஒரு கிளை நிறம் மாறுவது தோட்டங்களில் அவ்வப்போது நடக்கும், பாதி நிலைக்காது. மேல்தோல் அடுக்கில் மட்டும் மாற்றம் நடந்திருந்தால், வேரிலிருந்து வரும் கன்று பழைய நிறத்துக்கே திரும்பிவிடும், ஏனென்றால் வேரில் முளைக்கும் குருத்து உள் அடுக்கிலிருந்து பிறக்கிறது. ஹொனொரீன் ஜோபேர் தலைமுறை தலைமுறையாக வேர்த்துண்டில் பெருக்கப்பட்டும் வெள்ளையாகவே வருகிறது. மாற்றம் ஆழத்தில் பதிந்துவிட்டது என்று இதிலிருந்து புரிந்துகொள்ளலாம். 1916-இல் முதல் உலகப் போரின் மிகக் கொடிய சண்டைகளில் ஒன்று நடந்து வெர்தன் நகரம் இடிபாடாக ஆனது. அதற்கு வெகு காலம் முன்பே இந்தச் செடியின் வேர்த்துண்டுகள் பல நாட்டுத் தோட்டங்களுக்குப் போய்விட்டிருந்தன.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்

குளிர் நாடுகளில் ஏப்ரல் வரை மண்ணில் ஒன்றுமே தெரியாது. இது முக்கியம், செத்துவிட்டது என்று நினைத்து அந்த இடத்தைக் கொத்துகிறவர்கள் உண்டு. பிறகு கரும்பச்சையில் சொரசொரப்பான இலைகள் எழும். ஒவ்வொரு இலையும் மூன்று சிற்றிலைகள், ஓரம் பல் பல்லாக இருக்கும். கோடை முழுக்க முழங்கால் உயரத்துக்கு ஓர் இலை மேடு. களை முளைக்க அந்த நிழல் இடம் கொடுக்காது. ஜூலை கடைசியில் அந்த மேட்டிலிருந்து கம்பி மாதிரி மெல்லிய தண்டுகள் நேராக எழுந்து கிளை பிரியும். நன்றாகக் காலூன்றிய தூரில் 1.2 முதல் 1.5 மீட்டர் வரை போகும்.

மொட்டுகள் உருண்டையாக, வெள்ளி மயிர் போர்த்தியபடி இருக்கும். ஆகஸ்ட் நடுவில் தொடங்கி அக்டோபர் வரை விரிந்துகொண்டே இருக்கும். பூவில் உண்மையில் அல்லி இதழ் கிடையாது. நாம் இதழ் என்று பார்ப்பது நிறம் கொண்ட புல்லி. ஆறு முதல் ஒன்பது வரை இருக்கும். நடுவில் பச்சையாக ஓர் உருண்டை, அதைச் சுற்றி மஞ்சள் மகரந்தக் கம்பிகள் வளையமாக நிற்கும். வெள்ளைப் பூவில் இந்தப் பச்சையும் மஞ்சளும் தெரிகிற தெளிவு இளஞ்சிவப்பு ரகங்களில் இல்லை. இதழ்கள் உதிர்ந்த பிறகும் அந்தப் பச்சை உருண்டைகள் தண்டு நுனியில் அப்படியே நிற்பது எனக்கு மிகவும் பிடிக்கும்; அதனால் இலையுதிர் காலம் முடியும்வரை தண்டை வெட்டாதீர்கள் என்று எல்லோரிடமும் சொல்வேன். இதில் தேன் கிடையாது. தேனீக்களும் பூ ஈக்களும் மகரந்தத்துக்காக மட்டும் வருகின்றன. தோட்டத்தில் மற்ற பூ குறைந்துவிட்ட செப்டம்பரில் அந்த மகரந்தம் அவற்றுக்குப் பெரிய உதவி.

இப்போது ஒரு மண்வெட்டியால் ஓரமாக மண்ணை விலக்கிப் பாருங்கள். நடுவில் கட்டைபோல் இறுகிய அடித்தண்டு. அதிலிருந்து பழுப்பு நிறத்தில், பென்சிலைவிட மெல்லிய வேர்கள் பக்கவாட்டிலும் கீழேயும் ஓடும். அந்த ஓடுகிற வேர்களிலேயே அங்கங்கே சின்னச் சின்ன வெளிறிய புடைப்புகள் தெரியும். அவைதான் அடுத்த வருடக் கன்றுகள். வாழையில் பக்கக்கன்று தாய்க்கிழங்கை ஒட்டியே வரும், எங்கே வரும் என்று நமக்குத் தெரியும். இதில் தாய்த்தூருக்கு ஒரு முழம் தள்ளிக்கூட, இன்னொரு செடியின் நடுவிலிருந்து கன்று கிளம்பும். இந்த வேர் அறுந்தால் அறுந்த துண்டு ஒவ்வொன்றும் தனிச் செடி ஆகலாம். நர்சரிக்காரருக்கு இது வரம், சின்னத் தோட்டம் வைத்திருப்பவருக்குத் தலைவலி.

மற்ற இரண்டு வேர்கள்

ஹொனொரீன் ஜோபேரின் வேரைப் புரிந்துகொள்ள மற்ற இரண்டையும் ஒரு பார்வை பார்த்துவிடுவோம்.

முதலாவது கிழங்கு. பூக்கடையில் சிவப்பு, ஊதா, வெள்ளை நிறத்தில் நடுவில் கறுப்புக் குமிழோடு பார்க்கிறோமே, அந்த கொரொனேரியா இந்த வகை. மத்தியதரைக் கடல் நாடுகளின் செடி. இலையுதிர் கால மழைக்கு முளைத்து, குளிர்காலம் முழுக்க வளர்ந்து, பூத்து, கோடை வந்ததும் மண்ணுக்குள் போய் உலர்ந்து தூங்கும். இஸ்ரேலின் வடக்கு நெகேவ் பகுதியில் ஜனவரி, பிப்ரவரியில் இது வயல் வயலாகச் சிவப்பாகப் பூக்கிறது. 2013-இல் அந்த நாட்டின் தேசியப் பூவாகவும் தேர்வானது. அங்கே சிவப்புப் பூவைத் தேடி வந்து மகரந்தம் சேர்ப்பவை மயிர் அடர்ந்த ஒருவகை வண்டுகள். தோட்டத்துக்கு வரும் ரகங்களில் ஒற்றை அடுக்குப் பூவுள்ளவை டி கான், பல அடுக்கு உள்ளவை செயின்ட் பிரிஜிட். காய்ந்த கிழங்காக, சுற்றளவுக்கு விலை வைத்து விற்பார்கள். கொஞ்ச நேரம் தண்ணீரில் ஊறவைத்து 5 செ.மீ. ஆழத்தில் நட்டால் மூன்று மாதம் போலப் பூத்துவிடும். ஆனால் கோடையில் மழை பெய்து மண் ஈரமாகவே இருக்கிற ஊரில், அல்லது குளிர்காலத்தில் தண்ணீர் தேங்குகிற களிமண்ணில், அடுத்த வருடம் அது வராது, அழுகிப் போயிருக்கும். "போன வருடம் அவ்வளவு அழகாகப் பூத்ததே" என்று வருத்தப்படுகிறவர்களின் அனிமோனி பெரும்பாலும் இதுதான். பிளாண்டா என்ற குட்டை அனிமோனியும் கிழங்குதான். கறுப்பாக, கோணல்மாணலாக, மேல் எது கீழ் எது என்று தெரியாத கட்டி. எப்படி வைத்தாலும் குருத்து மேலே வந்துவிடும், கவலை வேண்டாம். கிரேக்கத்திலும் துருக்கியிலும் வளர்வது. மரத்தடியில் வசந்த காலத்தில் நீலமும் வெள்ளையுமாகப் பூக்கும். இரவு முழுக்க ஊறவைத்து இலையுதிர் காலத்தில் நட வேண்டும். கொரொனேரியாவைவிட இது நிலைத்து நிற்கும்.

இரண்டாவது, மண்ணுக்கடியில் மட்டமாக ஓடுகிற குச்சித் தண்டு. ஐரோப்பியக் காட்டு அனிமோனியான நெமரோசா இப்படி வளரும். இலையுதிர் மரங்கள் தளிர் விடுவதற்கு முன், வெயில் தரையைத் தொடுகிற அந்தச் சில வாரங்களுக்குள் இலைவிட்டுப் பூத்துக் கோடையில் மறைந்துவிடும். இது பரவுகிற வேகம் நூறு வருடத்துக்கு இரண்டு மீட்டர் அளவுதான் என்பார்கள். அதனால்தான் இங்கிலாந்தில் ஒரு காட்டுத் தரை முழுக்க இது விரிந்து கிடந்தால், அந்தக் காடு பல நூற்றாண்டுகளாக அழியாமல் இருக்கிறது என்பதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள். இதன் குச்சித் தண்டு காய்ந்தால் செத்துவிடும். பாக்கெட்டில் உலர்ந்து தொங்குவதை வாங்காதீர்கள். தொட்டியில் பச்சையாக வளர்ந்துகொண்டிருப்பதை வாங்குங்கள்.

கிழங்கு உலர்ந்து தூங்கக் கேட்கிறது, குச்சித் தண்டு காயவே கூடாது என்கிறது. ஜப்பானிய அனிமோனியின் ஓடும் வேர் இரண்டையும் கேட்காது. அதற்கு வேண்டியது நேரமும், தொந்தரவு இல்லாத இடமும்.

இடமும் முதல் மூன்று வருடமும்

ஜப்பானிய அனிமோனிக்குப் பாதி நிழல் சிறந்த இடம். காலை வெயில் படட்டும், மதிய வெயிலுக்கு ஒரு மரமோ சுவரோ நிழல் தரட்டும். மண் ஈரம் காக்குமானால் முழு வெயிலிலும் நன்றாக வரும். சுண்ணாம்பு மண், களிமண் இரண்டிலும் வளரும். தாங்காதது ஒன்றுதான்: குளிர்காலத்தில் வேரைச் சுற்றித் தண்ணீர் தேங்குவது. மணல் மண்ணாக இருந்தால் இலைமட்கை நிறையக் கலந்துவிடுங்கள்.

நடுவதற்கு நல்ல காலம் வசந்தம். இலையுதிர் காலத்தில் பூவோடு நிற்கும் தொட்டியைப் பார்த்து ஆசையில் வாங்குவதுதான் வழக்கம், ஆனால் குளிர் கடுமையான ஊரில் அப்போது நட்ட செடி வேர்பிடிக்காமலே பனியில் மாட்டிக்கொள்கிறது. வாங்கிவிட்டால் தொட்டியோடு காற்றுபடாத மூலையில் வைத்திருந்து ஏப்ரலில் நடலாம். தொட்டியில் இருந்த அதே மட்டத்துக்கு நட்டு, செடிக்குச் செடி 60 செ.மீ. விட்டு, மேலே மூடாக்கு போட வேண்டும்.

முதல் வருடம் செடி ஏமாற்றும். நாலைந்து இலை, ஒரு தண்டு, சில பூ. இரண்டாம் வருடமும் பெரிதாக ஒன்றும் இருக்காது. மேலே ஒன்றும் நடக்கவில்லை என்று நாம் நினைக்கிற இந்தக் காலத்தில்தான் வேர் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தச் சமயத்தில் பொறுமை இழந்து வேறு இடத்துக்கு மாற்றுவது மிகப் பெரிய தவறு. மாற்றினால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பழைய இடத்தில் அறுந்து தங்கிய வேர் அங்கேயும் முளைக்கும். இரண்டு இடத்திலும் சுணங்கிய செடிதான் மிச்சம். முதல் இரண்டு கோடைக்கு வறட்சியில் தண்ணீர் விட்டால் போதும். மூன்றாவது வருடம் தூர் அகன்று, தண்டுகள் கூட்டமாக எழும்போது உங்களுக்கே புரியும்.

உரம் அதிகம் போட வேண்டாம். போட்டால் இலை மிஞ்சி, தண்டு சாயும். சரியான இடத்தில் இருக்கும் ஹொனொரீன் ஜோபேருக்கு ஒன்றரை மீட்டர் உயரத்திலும் முட்டுக்கொடுக்கத் தேவையில்லை என்பது அதன் பெரிய நல்ல குணம். காற்று வேகமாக அடிக்கும் திறந்தவெளி மட்டும் விதிவிலக்கு.

கன்று எடுப்பது

வேர்தான் இந்தச் செடியின் விதை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை, செடி தூங்கும் நேரத்தில், தூரின் ஓரமாக மண்ணை விலக்கி நல்ல கெட்டியான சில வேர்களை வெட்டி எடுங்கள். தாய்ச்செடியைத் தோண்டி எடுக்கவே வேண்டாம். தொட்டியில் வளர்ந்தால் இன்னும் சுலபம்: அடித்துளை வழியாக வெளியே வந்திருக்கும் வேரே போதும். கழுவி, 5 முதல் 7 செ.மீ. துண்டுகளாக வெட்டுங்கள். தடித்த வேருள்ள செடிகளில் துண்டின் மேல்முனை எது, கீழ்முனை எது என்று பார்த்து நிறுத்தி நட வேண்டும். இது மெல்லிய வேர் என்பதால் அந்தக் கவலை இல்லை. தட்டில் ஈரக் கலவையைப் பரப்பி, அதன்மேல் துண்டுகளைப் படுக்கவைத்து, ஒரு செ.மீ. கனத்துக்குக் கலவையைத் தூவி மூடினால் போதும். பனி நேரடியாக விழாத குளிர்ந்த இடத்தில் தட்டை வைக்க வேண்டும்; சூடாக்கத் தேவையில்லை.

வசந்தத்தில் குருத்து வந்ததும் சந்தோஷத்தில் தொட்டிக்கு மாற்றிவிடாதீர்கள். வேர்த்துண்டு முதலில் தன் சேமிப்பை வைத்து இலையைத்தான் விடும். புது வேர் அப்புறம்தான் பிடிக்கும். மூன்று நான்கு இலை வந்து, மெல்ல இழுத்தால் கலவையோடு பிடிப்பு தெரிகிறபோது மாற்றுவதே சரி.

வெட்டும்போதும் கழுவும்போதும் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பட்டர்கப் என்ற மஞ்சள் காட்டுப்பூவின் குடும்பத்துச் செடி இது. கசங்கிய திசுவில் உண்டாகும் புரோட்டோஅனிமோனின் என்ற பொருள் தோலை எரிக்கும். தின்றால் நஞ்சு. மான், முயல் தொல்லை உள்ள ஊர்களில் இந்த அனிமோனி பிழைத்து நிற்பதற்குக் காரணமும் அதுதான்.

நோயும் பூச்சியும்

பெரிய பட்டியல் இல்லை. வறண்ட கோடையில் இலைமேல் சாம்பல் நோய் வரும். வேருக்கு ஈரம் கொடுத்தால் அடங்கும். இளம் குருத்தை நத்தை தின்னும். கவனமாகப் பார்க்க வேண்டியது இலை நூற்புழு. இலையில் பழுப்பும் கறுப்புமாகத் திட்டுகள் வரும். அவை நரம்புகளுக்கு இடையில் அடைபட்டு, கத்தரித்தது போல நேர்க்கோட்டு விளிம்போடு இருந்தால் நூற்புழு என்று சந்தேகப்படலாம். கண்ணுக்குத் தெரியாத இந்தப் புழு இலைமேல் படியும் ஈரப்படலத்தில் நீந்தித்தான் அடுத்த இலைக்குப் போகிறது. அதனால் மேலிருந்து தண்ணீர் தெளிப்பதை நிறுத்தி, வேரடியில் ஊற்றுங்கள். பட்ட இலைகளைக் கிள்ளி அழியுங்கள், மட்குக் குழியில் போடாதீர்கள். வாங்கும்போதே இலையைத் திருப்பிப் பார்த்து இப்படித் திட்டுள்ள தொட்டியைத் தவிர்த்துவிட்டால் பாதித் தொல்லை வராது.

கொரொனேரியா வளர்ப்பவர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. பிளம், பீச், பாதாம் மரங்களைத் தாக்கும் துருநோய்ப் பூஞ்சை தன் வாழ்க்கையின் ஒரு பகுதியைக் கொரொனேரியா அனிமோனியில் கழிக்கிறது. பிளம் மரத்தடியில் அந்தக் கிழங்கை நடாமலிருப்பது மரத்துக்கும் பூவுக்கும் நல்லது.

எந்தத் தோட்டத்துக்கு இது பொருந்தும்

நீளமான பூப்பாத்தி, பெரிய மரத்தின் ஓரம், வடக்குச் சுவரை ஒட்டிய நிழல், புதர்களுக்கு நடுவில் வெறுமையாகக் கிடக்கும் இடம்: இங்கெல்லாம் ஹொனொரீன் ஜோபேரைத் தயங்காமல் நடலாம். அருகில் இருக்கும் செடிகள் தம்மைத் தாமே காத்துக்கொள்ளும் அளவுக்குத் திடமாக இருக்க வேண்டும். ஹைட்ரேஞ்சியா, பெரிய பெரணிகள், பியோனி எல்லாம் சரியான ஜோடி. மென்மையான சின்னச் செடிகளோடு சேர்த்து நட்டால் நாலைந்து வருடத்தில் அவை காணாமல் போகும்.

இடம் சிறிது என்றால் வேறு ரகம் பாருங்கள். இளஞ்சிவப்பு வேண்டுமென்றால் 'ஹாட்ஸ்பென் அபண்டன்ஸ்' உயரம் குறைவு. பரவும் வேகமும் பொதுவாகக் கட்டுக்குள் இருக்கும். ஸ்காட்லாந்தின் கிர்க்குப்ரி நகரில் எலிசபெத் மெக்ரெகர் உருவாக்கிய 'வைல்ட் ஸ்வான்' 2011-இல் செல்சி மலர்க் கண்காட்சியில் ஆண்டின் செடி ஆனது. வெள்ளைப் பூ, இதழின் முதுகில் நீல ஊதாப் பட்டை. கோடைத் தொடக்கத்திலேயே பூக்க ஆரம்பித்துவிடும். முக்கியமாக, அது தூராகவே நிற்கும், வேர் ஓடாது. ஆனால் ஓடாத வேர் என்பதால் வறட்சியைத் தாங்கும் பலமும் குறைவு. ஈரத்துக்குக் குறை வைக்கக்கூடாது. ஓடும் வேரில் நமக்குத் தொல்லையாகத் தெரிகிற குணமே செடிக்குக் காப்பாகவும் இருக்கிறது என்பது இந்த இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது விளங்கும்.

சில இடங்களில் அட்டையில் அனிமோனி என்பதற்குப் பதில் எரியோகாப்பிடெல்லா என்று இருக்கும். வகைப்பாட்டாளர்கள் ஜப்பானிய அனிமோனிக் கூட்டத்தைத் தனிப் பேரினமாகப் பிரித்ததன் விளைவு அது. செடி அதேதான்.

லண்டன், டொராண்டோ பக்கம் வீட்டுத் தோட்டம் வைத்திருக்கும் நம்மவர்களுக்கு இந்த ரகம் நன்றாகவே ஒத்துவரும். தமிழ்நாட்டுச் சமவெளியில் எந்த அனிமோனியையும் முயல வேண்டாம் என்பதே என் கருத்து. குளிர் ஓய்வு இல்லாமல் அவை நிலைக்காது. இணையத்தில் கொரொனேரியா கிழங்கு விற்கிறார்கள் என்பதற்காகச் சென்னையில் காசைக் கரைக்காதீர்கள். மலைப்பகுதி வேறு. நீலகிரியிலும் பழனி மலையிலும் இலங்கையின் மலைநாட்டிலும் ரிவுலாரிஸ் என்ற அனிமோனி ஈரமான புல்வெளிகளில் தானாகவே வளர்கிறது. வெள்ளைப் பூ, இதழின் முதுகில் நீலச் சாயல். இமயத்திலிருந்து நம் மலை உச்சிகள்வரை பரவிய செடி அது. ஊட்டியிலோ கொடைக்கானலிலோ வீடு இருப்பவர்கள் முதலில் அதைக் காட்டில் போய்ப் பார்க்க வேண்டும், பறித்து வரக்கூடாது.

அடக்குவதும் அகற்றுவதும்

வருடத்துக்கு ஒரு முறை, வசந்தத்தில் குருத்து மண்ணைவிட்டு வரும்போது, எல்லையைத் தாண்டிய கன்றுகளை வேரோடு இழுத்து எடுத்துவிட்டால் தூர் நம் சொல்படி இருக்கும். இளம் கன்று இழுத்த இழுப்புக்கு வரும். இந்த வேலையை இரண்டு வருடம் தள்ளிப்போட்டால் மண்வெட்டி தேவைப்படும். நடும்போதே எல்லை வேண்டும் என்று நினைப்பவர்கள் கல் பதித்த நடைபாதைக்கும் சுவருக்கும் நடுவில் இடம் பார்த்து நடுவது சுலபமான வழி.

முழுவதுமாக அகற்ற வேண்டும் என்றால் ஒரே நாளில் தோண்டி முடித்துவிடலாம் என்று நினைக்காதீர்கள். எவ்வளவு கவனமாகத் தோண்டினாலும் துண்டுகள் தங்கும். முள்கரண்டிபோன்ற மண்வாரியைப் பயன்படுத்துங்கள்; மண்வெட்டி வேரை நறுக்கி எண்ணிக்கையைக் கூட்டிவிடும். பெரிய வேர்களை எடுத்த பிறகு அந்த இடத்தில் உடனே நிரந்தரச் செடி எதையும் வைக்காமல் ஒரு வருடமாவது புல்லோ காய்கறியோ போட்டு, முளைக்கிற குருத்தை எல்லாம் இலை விரிவதற்கு முன் கிள்ளிக்கொண்டே வாருங்கள். இலை இல்லாமல் வேர் தன் சேமிப்பைச் செலவழித்துக்கொண்டே இருக்கும். ஒரு கட்டத்தில் தீர்ந்துவிடும். தோண்டிய வேர்களை மட்குக் குழியில் போட்டால் மட்கோடு சேர்ந்து தோட்டம் முழுக்கப் போய்விடும், அதனால் வெயிலில் நன்றாகக் காயவைத்து உடையும் பதம் வந்த பிறகே குழிக்குள் போட வேண்டும். தொட்டியில் போட்டு அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பவர்கள், எவ்வளவு இடம் பிடிக்கும் செடி என்பதையும் வாங்குகிறவரிடம் சொல்லிவிடுங்கள்.